உம் கொட்டும் செவி: மலாயாவின் வாய்மொழிக் கதைமரபுகள்

தமிழ் வீடுகளில் இரவில் கதை சொல்லும் பாட்டி முதலில் ஒரு நிபந்தனை விதிப்பாள்: ‘உம் கொட்டினால்தான் கதை.’ வாக்கியத்துக்கு வாக்கியம் குழந்தை ‘உம்’ என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். அவ்வொலி நின்றால் குழந்தை உறங்கிவிட்டது என்று பொருள். கதையும் அவ்விடத்திலேயே நின்றுவிடும். மறுநாள் இரவு, ‘எதுவரை கேட்டாய்?’ என்று வினவி, அங்கிருந்து பாட்டி தொடங்குவாள். எளிய வழக்கந்தான். ஆயினும் வாய்மொழிக் கதைக்கலையின் அடிப்படை விதி இவ்வழக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது. எழுதப்பட்ட கதை, படிப்பவர் உறங்கிய பின்னும் ஏட்டில் இருக்கும். சொல்லப்படும் கதைக்கு அத்தகைய இருப்பிடம் இல்லை. கேட்பவர் விழித்திருக்கும் வரையில்தான் அதற்கு உயிர்.

சிங்கப்பூரும் மலேசியாவும் அமைந்துள்ள இந்நிலப்பகுதியில் சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய மூன்று சமூகத்தாரும் ஒரே காலத்தில், ஒருவர்க்கொருவர் அண்மையில், தத்தம் கதைசொல்லிகளைப் போற்றி வளர்த்தனர். அக்கதைசொல்லிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் அவர்கள் சொன்ன கதைகளைக் கொண்டே எழுதிவருகிறோம். இவ்வுரை அதனைக் கேட்டவர்களின் பக்கத்திலிருந்து நோக்க முயல்கிறது. யார் கேட்டார்கள், எம்மொழியில் கேட்டார்கள், எவ்வாறு தம் மறுமொழியைத் தந்தார்கள், எப்போது கலைந்து சென்றார்கள் என்னும் கேள்விகளுக்கு விடை கண்டால், இக்கலை வாழ்ந்ததன் காரணமும் தேய்ந்ததன் காரணமும் ஒருசேர விளங்கும்.

ஊதுவத்தி எரியும் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிங்கப்பூர் ஆற்றங்கரை ஒரு வணிகத்துறையாக மட்டும் இருக்கவில்லை. மாலைப்பொழுதில் அது கதைக்களமாகவும் மாறியது. பகலெல்லாம் தோணிகளிலிருந்து மூட்டை இறக்கிய கூலித்தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் கதைசொல்லியைத் தேடி வந்தார்கள். 1889இல் கட்டப்பட்ட ரீட் பாலத்தின் அருகே தியோசியு மொழிக் கதைசொல்லிகள் அமர்வது வழக்கம். ஹொக்கியன், கான்டனீஸ் மொழிகளைப் பேசுவோர்க்கும் அவரவர் வாழிடங்களில் அவரவர் கதைசொல்லிகள் இருந்தார்கள்.

கதைசொல்லியின் கருவிகள் மிகச் சில: அமர ஒரு பெட்டி, ஒரு விளக்கு, கேட்பவர்க்குச் சில தாழ்ந்த பலகைகள், ஓர் ஊதுவத்தி. கதை தொடங்கும்போது ஊதுவத்தி ஏற்றப்படும். அஃது எரிந்து முடிய ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். வத்தி அணையும் வேளையில் கதையும் ஒரு நெருக்கடியில் வந்து நிற்கும். வீரன் வாளை ஓங்கியிருப்பான்; வாள் இறங்கியதா என்பதை அறிய வேண்டுமானால் காசு கொடுக்க வேண்டும். காசு சேர்ந்த பின்னர் அடுத்த வத்தி எரியத் தொடங்கும். ஊதுவத்தி இங்கே கடிகாரமாகவும் நுழைவுச்சீட்டாகவும் பயன்பட்டது. கதை சுவைக்கவில்லையெனில் கேட்பவர் எழுந்து போய்விடலாம். அவரைத் தடுக்கச் சுவரோ கதவோ கிடையாது. எனவே, தன் முன்னுள்ள முகங்களை ஒவ்வொரு கணமும் படித்தறிந்து, நீட்ட வேண்டியதை நீட்டியும் குறைக்க வேண்டியதைக் குறைத்தும் சொல்லும் திறமே கதைசொல்லியின் முதலீடாயிற்று.

அங்கே சொல்லப்பட்டவை ‘மூன்று அரசுகளின் வரலாறு’, ‘நீர்க்கரை வீரர்கள்’, ‘மேற்கு நோக்கிய பயணம்’ முதலான பெருங்கதைகள். இவை சீனாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நூல்வடிவம் பெற்றவை. ஆனால் ஆற்றங்கரையில் கேட்டவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். மேலும் நூலின் மொழி வேறு, அவர்கள் வீட்டில் பேசிய மொழி வேறு. கதைசொல்லி நூலை ஒரு மொழியில் கற்று, மற்றொரு மொழியில் சொன்னார். ஊர் திரும்ப வழியற்று, குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்த தொழிலாளிக்கு, தன் தாய் பேசிய மொழியில் தன் நாட்டு வீரனின் கதையைக் கேட்பது பொழுதுபோக்கினும் மேலான ஒன்று. நூலுக்கும் செவிக்கும் இடையே பாலமாக நின்றவர் கதைசொல்லி.

துயர் ஆற்றுவோன்

மலாய் மொழியில் கதைசொல்லிக்கு வழங்கும் பெயர் ‘பெங்லிப்பூர் லாரா’. ‘லாரா’ என்றால் துயரம். ‘லிப்பூர்’ என்றால் ஆற்றுதல். துயர் ஆற்றுவோன் என்பது இதன் பொருள். தொழிலின் பெயரே கேட்பவரின் உள்ளநிலையை வைத்து அமைந்திருப்பதைக் காண்க. கதையைச் செய்பவன், பாடுபவன் என்று சொல்லாமல், கேட்பவர்க்கு ஆறுதல் தருபவன் என்றே அச்சமூகம் அவனை அழைத்தது.

வட்டாரந்தோறும் இக்கலைக்கு வேறு வேறு வடிவங்கள் உண்டு. கிளந்தானில் ‘தோக் செலாம்பிட்’ எனப்படுவோர் ரெபாப் என்னும் நரம்புக்கருவியை வில்லால் இசைத்துக்கொண்டு கதையைப் பாடினர். பெர்லிஸ் மாநிலத்து ‘அவாங் பாத்தில்’ கலைஞர்கள் பித்தளைக் கலத்தை விரல்களால் தட்டித் தாளமிட்டுக் கதை நிகழ்த்தினர். அறுவடை முடிந்த காலத்திலும் திருமணம் முதலான விழாக்களிலும் இரவிரவாகக் கதை தொடரும்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கால அதிகாரிகள் சிலர் இக்கதைகளை எழுத்தில் பிடிக்க முயன்றனர். டபிள்யூ. இ. மேக்ஸ்வெல் என்பவர் பேராக் மாநிலத்துக் கதைசொல்லி ஒருவரிடம் கேட்ட ஸ்ரீராமன் கதையை 1886இல் அரச ஆசியவியல் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர். ஓ. வின்ஸ்டெட், ஏ. ஜே. ஸ்டரக் ஆகியோர் பேராக்கைச் சேர்ந்த பாவாங் ஆனா என்னும் புகழ்பெற்ற கதைசொல்லியின் கதைகளைப் பதிப்பித்தனர். ‘மாலிம் டெமான்’, ‘அவாங் சூலோங் மேரா மூடா’ முதலான கதைகள் இவ்வாறுதான் நூலாயின. கதைசொல்லி சொல்ல, ராஜா ஹாஜி யாஹ்யா என்னும் கற்றறிந்த மலாய்ப் பெருமகனார் அவற்றை எழுத்தில் வடித்தார்.

நன்றியுடன் நினைவுகூர வேண்டிய பணி இது. எனினும் இதில் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. மலாய் வாய்மொழி மரபைப் பல ஆண்டுகள் களத்தில் ஆராய்ந்த அமின் ஸ்வீனி, எழுத்துக்கு வந்த இக்கதைகளின் நடையில் எழுதியவரின் கல்வியும் அரசவை இலக்கியப் பழக்கமும் கலந்திருப்பதை எடுத்துக்காட்டினார். அவர் தாமே கதைசொல்லிகளை ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டபோது, மக்கள் முன் நிகழ்த்தப்படும் கதையும் எழுதுவோர்க்காகச் சொல்லப்படும் கதையும் வேறுபட்ட பொருள்கள் என்பது புலனாயிற்று. காரணத்தை உய்த்துணர்வது அரிதன்று. எழுதுபவன் சிரிப்பதில்லை, பெருமூச்சு விடுவதில்லை, ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று பரபரப்பதுமில்லை. ‘சற்று மெதுவாகச் சொல்’ என்றுதான் கேட்கிறான். ஊர்மக்களுக்காக ஓடிய கதை, எழுதுகோலுக்காக நடக்கத் தொடங்கியது. சொற்கள் காப்பாற்றப்பட்டன, ஓட்டம் ஏட்டுக்குள் வரவில்லை.

மனப்பாடம் எனும் மயக்கம்

ஆயிரக்கணக்கான வரிகளை ஒரு கதைசொல்லி எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறார் என்று நாம் வியக்கிறோம். இந்த வியப்புக்கு விடை தேடி 1933 முதல் 1935 வரை மில்மன் பாரி என்னும் அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவியாவில் கதைப்பாடகர்களின் பாடல்களைப் பதிவு செய்தார். அவர்களுள் ஒருவரான அவ்தோ மெஜெதோவிச் எழுதப் படிக்கத் தெரியாதவர்; எனினும் 12,000 வரிகளுக்கு மேற்பட்ட ஒரு காவியத்தை அவர் சொல்ல எழுதிக்கொண்டார்கள். பாரியின் மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960இல் வெளியிட்ட நூலில் இவ்வாய்வின் முடிவுகளை விளக்கினார். அப்பாடகர்கள் கதையை மனப்பாடம் செய்யவில்லை. வாய்பாடாக அமைந்த தொடர்களையும் வழக்கமான காட்சிகளையும் கைவசம் வைத்துக்கொண்டு, அவையின் முன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினார்கள். அவை விரும்பினால் கதை நீண்டது. அவை சோர்ந்தால் சுருங்கியது.

இக்கோட்பாட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் க. கைலாசபதி. அவர் 1933இல் கோலாலம்பூரில் பிறந்தவர். பின்னர் இலங்கையின் தலைசிறந்த திறனாய்வாளராக விளங்கியவர். 1968இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வு, சங்கப் பாடல்களின் வேர் பாணர்களின் வாய்மொழி மரபில் இருக்கிறது என்று வாதிட்டது. அம்முடிவை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. சங்கப் பாடல்கள் எழுத்தறிந்த புலவர்களின் படைப்புகளே என்பாரும் உளர். ஆயினும் பாணர், பொருநர், கூத்தர், விறலியர் என்று ஊர் ஊராகச் சென்று கேட்போரை நாடிய கலைஞர்களின் உலகம் அப்பாடல்களுக்குள் விரிந்து கிடக்கிறது என்பதில் ஐயமில்லை. அதே கோட்பாட்டை மலாய் மரபின்மேல் பொருத்திப் பார்த்தவர் மேலே குறிப்பிட்ட அமின் ஸ்வீனி. பால்கன் மலைகளில் பிறந்த ஒரு கேள்வி, தமிழையும் மலாயையும் ஒரே வரிசையில் வைத்து ஆராயும் வாய்ப்பைத் தந்தது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஒப்பித்தலுக்கும் கதைசொல்லலுக்கும் இடையே உள்ள வேறுபாடு நினைவாற்றலைப் பொறுத்ததன்று. ஒப்பிப்பவனுக்குக் கேட்பவர் யாராயினும் பாடம் ஒன்றே. கதைசொல்லிக்குக் கேட்பவர் மாறினால் கதையும் மாறும்.

வில்லும் எதிர்மொழியும்

தமிழ் மரபில் இவ்வுண்மை மிகத் தெளிவாக வெளிப்படும் கலைகளுள் ஒன்று வில்லுப்பாட்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளில் கோயில் கொடை விழாக்களில் இது நிகழ்த்தப்படுகிறது. மணிகள் கட்டிய நீண்ட வில்லை வீசுகோலால் தட்டித் தலைமைப் பாடகர் கதையைத் தொடங்குவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை துணை நிற்கும். பக்கத்தில் அமர்ந்திருப்போர் அவர் பாடிய அடியைத் திரும்பப் பாடுவார்கள். உரைநடையில் அவர் சொல்லும்போது ‘ஆமாம்’ என்பார்கள். தெரியாதவர்போல் கேள்வி கேட்பார்கள். ‘உம்’ கொட்டும் குழந்தையின் வேலையை மேடையிலேயே ஒருவர் ஏற்றுக்கொண்ட வடிவம் இது. கேட்பதும் கலையின் ஓர் உறுப்பு என்பதை நம் முன்னோர் இவ்வாறு மேடையேற்றினர்.

கொடை விழாவில் கேட்பவரின் பங்கு இதனினும் ஆழமானது. கதைத்தலைவன் கொல்லப்படும் இடத்தை வில்லுப்பாட்டு நெருங்கும்போது தாளம் விரையும். அவ்வேளையில் கேட்டுக்கொண்டிருப்பவருள் சிலர் மேல் தெய்வம் இறங்கிச் சாமியாடும். முத்துப்பட்டன் கதை முதலான கதைகளில் இறந்தவன் தெய்வமாகிறான். விழாவில் கேட்பவன் அத்தெய்வத்தைத் தன் உடலில் ஏற்கிறான். இதனை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதையின் மையப்பகுதியும் சடங்கின் உச்சமும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை விளக்கியிருக்கிறார்.

பின்னாளில் இக்கலை கோயிலுக்கு வெளியேயும் வந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இதனை நகைச்சுவைக்கும் சீர்திருத்தக் கருத்துகளுக்கும் பயன்படுத்தினார். கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் வாழ்க்கையை வில்லுப்பாட்டாக்கினார். சுப்பு ஆறுமுகம் தம் வாழ்நாள் முழுவதும் இதனை மேடைகளிலும் வானொலியிலும் வளர்த்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் தம்முடன் இத்தகைய கூட்டுக்கேட்டல் பழக்கங்களைக் கொண்டுவந்தனர். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் கூத்தும் பாட்டும் இடம்பெற்றன. சில தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடந்தது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறுகட்சியும் பாடி வாதிடும் லாவணி, தஞ்சை வட்டாரத்தில் இவ்விழாவோடு இணைந்த மரபாகும். சென்னையில் அச்சிடப்பட்ட ‘பெரிய எழுத்து’ நூல்கள் இன்னொரு வகையில் உதவின. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலியவற்றை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருப்போர் கேட்பார்கள். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் சீனக் கதைசொல்லி செய்த அதே பணியை, தோட்டத்து லயத்தின் வாசலில் இந்தப் படிப்பாளி செய்தார். இருவரும் நூலைச் செவிக்கு மாற்றினார்கள்.

வேலி தாண்டிய கதைகள்

மூன்று சமூகத்தாரும் தனித்தனியே கேட்டார்கள் என்றாலும், கதைகள் வேலிக்குள் அடங்கி நிற்கவில்லை. கிளந்தான் நிழற்கூத்தான வாயாங் கூலிட்டில் ‘டாலாங்’ எனப்படும் ஒரே கலைஞர் திரைக்குப் பின்னால் அமர்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் தருகிறார். அவர் நிகழ்த்தும் முதன்மைக் கதை இராமன் கதை. ஆனால் அது நாம் அறிந்த கதையே அன்று. மலாய் மரபில் அனுமன் இராமனின் மகன். திரையில் பாக் டோகோல், வாக் லோங் என்னும் கோமாளிகள் தோன்றி அன்றாட ஊர்ப்பேச்சில் கேலி பேசுகிறார்கள். டாலாங் கலைஞர்கள் அடிப்படைக் கதையை ‘மரம்’ என்றும், அதிலிருந்து தாமே கிளைக்கச் செய்யும் கதைகளைக் ‘கிளை’ என்றும் குறிப்பிடுவர். மரம் பொதுச்சொத்து, கிளை அந்தந்த ஊர்க் கேட்போர்க்கு உரியது. இலக்குவனின் பெயரோ கதையை விட்டே வெளியேறி, மலாக்கா அரசில் கடற்படைத் தலைவரின் பட்டமாகி, ‘லக்சமணா’ என்று இன்றும் வழங்குகிறது.

இஸ்லாமியக் கதைமரபிலும் இத்தகைய பாலம் உண்டு. நபிகளாரிடம் ஒருவர் ஆயிரம் கேள்விகள் கேட்டு விடைபெறும் கதை அரபு மொழியிலிருந்து பல மொழிகளுக்குப் பரவியது. தமிழில் அது 1572இல் ‘ஆயிரமசலா’ என்னும் காப்பியமாயிற்று. மலாயிலும் ஜாவானியத்திலும் தனித்தனி வடிவம் பெற்றது. ரோனிட் ரிச்சி இம்மூன்று மொழி வடிவங்களையும் ஒப்பிட்டு 2011இல் ஒரு நூல் எழுதினார். கேள்வியும் விடையுமாகவே அமைந்த இக்கதை, கேட்பவரைக் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரமாக்கி வைத்திருக்கிறது.

ஒரு கதை இவ்வாறு மொழி கடக்கும்போது, அதனை ஏற்றுக்கொண்ட அவைக்கு ஏற்ப உருமாறுகிறது. அந்த மாற்றத்தைப் பிழையென்று திருத்துவது பயனற்றது. புதிய செவிகள் அக்கதைக்குத் தந்த மறுமொழி அதில் பதிந்திருக்கிறது.

செவிகள் கலைந்த காலம்

1949இல் சிங்கப்பூரில் ரெடிஃபியூஷன் கம்பிவழி வானொலி தொடங்கியபோது ஆற்றங்கரைக் கதை வீட்டுக்கும் காப்பிக்கடைக்கும் வந்தது. கான்டனீஸ் மொழியில் லீ தாய் சோர், ஹொக்கியனில் ஓங் தோ, தியோசியுவில் இங் சியா கெங் ஆகியோர் கதைசொல்லிகளாகப் பெரும்புகழ் பெற்றனர். லீ தாய் சோர் என்னும் புனைபெயருக்குப் ‘பெருமூடன் லீ’ என்பது பொருள். அவர் பேசும் நேரத்தில் மக்கள் ஒலிபெருக்கியைச் சுற்றிக் கூடினார்கள். ஊதுவத்தியின் இடத்தை நிகழ்ச்சி நேரம் பிடித்துக்கொண்டது. நெருக்கடியில் கதையை நிறுத்தும் உத்தி மட்டும் மாறவில்லை. வானொலி இக்கலையைக் கொன்றுவிடவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கருவி மாறினாலும், மக்கள் கூடிக் கேட்கும் வழக்கமும் கேட்ட மொழியும் நீடித்தமையால் கலையும் நீடித்தது.

1979இல் சிங்கப்பூரில் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. பல வட்டார மொழிகளாகப் பிரிந்திருந்த சீனச் சமூகத்தை ஒரு பொதுமொழியின்கீழ் இணைப்பதும், இருமொழிக் கல்வியின் சுமையைக் குறைப்பதும் அதன் நோக்கங்கள். அந்நோக்கங்களை எடைபோடுவது இவ்வுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கதைக்கலைக்கு நேர்ந்ததை மட்டும் கூறலாம். ஒலிபரப்பிலிருந்து வட்டார மொழிகள் படிப்படியாக விலக்கப்பட்டன. 1982ஆம் ஆண்டளவில் ரெடிஃபியூஷனின் வட்டார மொழிக் கதைகள் ஓய்ந்தன. கதைநூல்கள் அழிந்துவிடவில்லை, அவை நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. கதைசொல்லிகளின் திறமும் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. சொல்லவும் கேட்கவும் பயன்பட்ட மொழி பொதுவெளியிலிருந்து விலகியது. அதனோடு கலையும் விலகியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் சீன வட்டார மொழிகளை மிகுதியாகப் பேசுவோர் 2010இல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரரில் 14.3 விழுக்காடு, 2020இல் 8.7 விழுக்காடு.

கிளந்தானில் வேறு காரணத்தால் வேறு வகை இடையூறு நேர்ந்தது. 1990களில் சமயக் காரணங்களை முன்னிட்டு வாயாங் கூலிட் முதலிய கலைகளின் பொது நிகழ்ச்சிகளுக்கு மாநில அரசு தடை விதித்தது; 2019இல் அது நிபந்தனைகளோடு தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் திரைக்கு முன் அமராமலேயே வளர்ந்துவிட்டார்கள்.

தமிழர்க்கு நேர்ந்ததோ சட்டத்தால் அன்று, இடப்பெயர்ச்சியால். 1950களின் பிற்பகுதியிலிருந்து தோட்டத் துண்டாடலும், பின்னர் இரப்பர்க் காடுகள் செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறியதும், தோட்டச் சமூகத்தைச் சிதறச் செய்தன. லயத்து வாசலும் கோயில் திடலும் போனபின், கூடிக் கேட்கும் வழக்கம் போக இடமின்றி நின்றது. சிங்கப்பூரில் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடாகவும் 2020இல் 2.5 விழுக்காடாகவும் இருந்தனர். மூன்று சமூகங்கள், மூன்று காரணங்கள். விளைவில் வேற்றுமை இல்லை. எங்கும் முதலில் குறைந்தவர் கேட்பவரே. சொல்பவர் குறைந்தது அதன் பின்னர்தான்.

கேட்போர் இல்லாக் கூத்துமாடம்

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். கேட்பவரே இல்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்த கதைக்கலை இல்லையா? உண்டு. கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் தோற்பாவைக்கூத்து நடைபெறுகிறது. அங்கே கலைஞர்கள் கம்பனின் தமிழ்ச் செய்யுள்களைப் பாடி, அவற்றுக்கு விளக்கமும் கூறி, இரவு முழுவதும் இராமகாதையை நிகழ்த்துகின்றனர். திரைக்கு முன் பெரும்பாலும் மனிதர் எவரும் இருப்பதில்லை. பத்திரகாளியே கேட்கிறாள் என்பது நம்பிக்கை.

இதனையும் ஆராய்ந்தவர் பிளாக்பர்ன். மனித அவை இல்லாத அவ்விடத்தில் கலைஞர்கள் தமக்குள்ளேயே அவை அமைத்துக்கொள்வதை அவர் கண்டார். ஒருவர் செய்யுளைப் பாடி விரித்துரைக்க, மற்றவர் குறுக்கிட்டு வினா எழுப்புவார். முன்னவர் விடை கூறுவார். உரையாடலும் சொற்போருமாகக் கதை விடியும் வரை செல்லும். கேட்பவர் இல்லாதபோதும் கேட்டலை உண்டாக்கிக்கொண்டாலன்றிக் கதை நகரவில்லை. விதிக்கு விலக்காகத் தோன்றும் இக்கலை விதியையே உறுதிசெய்கிறது. மலையாள நாட்டில் கம்பன் தமிழ் வாய்மொழியாக இன்றும் ஒலிப்பதற்கு, ஒருவர்க்கொருவர் செவிகொடுத்த இக்கலைஞர்களே காரணம்.

வகுப்பறை எனும் அவை

இந்த வரலாறு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எதனை உணர்த்துகிறது? நம் பள்ளிகளில் கதைசொல்லும் போட்டிகளுக்குக் குறைவில்லை. மாணவர் மேடையேறுகிறார், எழுதித் தரப்பட்ட கதையை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கிறார், நடுவர் மதிப்பெண் இடுகிறார், மற்றவர் கைகட்டி அமைதியாக அமர்ந்திருக்கிறார்கள். உச்சரிப்புப் பயிற்சி என்ற அளவில் இது நன்றே. ஆனால் ஆற்றங்கரைக் கதைசொல்லியின் கண்ணோடு பார்த்தால், ஊதுவத்தி அணைந்தபின் காசு போடவோ எழுந்து போகவோ உரிமையற்ற ஓர் அவை அது. அங்கே சொல்பவர் பயிற்சி பெறுகிறார், கேட்பவர் பெறுவதில்லை.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. வகுப்பைச் சொல்பவர், பின்பாட்டுக்காரர், வினா எழுப்புவோர் என்று பிரித்து ஒரு பழங்கதையை வில்லுப்பாட்டு முறையில் நடத்தலாம். ஒரே கதையை முதலில் தொடக்கநிலை மாணவர் முன்பும், பின்னர் முதியோர் முன்பும் சொல்லச் செய்து, எவ்விடம் நீண்டது, எவ்விடம் சுருங்கியது என்று மாணவரையே குறித்துவரச் சொல்லலாம். கதையை உச்சத்தில் நிறுத்தி, ‘பிறகு என்ன?’ என்னும் கேள்விக்கு வகுப்பே விடை காணுமாறு விடலாம். வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு கதை கேட்டுவரப் பணித்தால், ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு வாளாவிருக்காமல், ‘உம்’ கொட்டிக் கேட்கச் சொல்லலாம். பாவாங் ஆனாவின் கதை எழுதுகோலுக்கு முன் நடை தளர்ந்ததைப் போல, பேரப்பிள்ளை பேசாதிருந்தால் பாட்டியின் கதையும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மொழித்தெரிவும் இங்கே முக்கியமானது. சீனக் கதைசொல்லிகள் நூல்மொழியில் கற்று வீட்டுமொழியில் சொன்னார்கள். கிளந்தான் கோமாளிகள் ஊர்ப்பேச்சிலேயே கேலி செய்தார்கள். 2005இல் சிங்கப்பூரின் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆய்ந்த குழுவும் வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று வலியுறுத்தியது. எழுத்துத்தமிழ் நம் கருவூலம். அதன் பெருமை குறையாது. எனினும் கதை கேட்கும் குழந்தை, பாத்திரங்கள் தன்னைப்போல் பேசும்போதுதான் இடைமறித்துக் கேள்வி கேட்கத் துணிகிறது. அத்துணிவுதான் மொழி தன்னுடையது என்னும் உணர்வின் முதல் அடையாளம்.

ஒரு மொழியைக் காப்பது பற்றி நாம் பேசும்போது, பேசுவோரின் எண்ணிக்கையைப் பெருக்குவது குறித்தே கவலைப்படுகிறோம். இந்நிலத்தின் கதைசொல்லிகளின் வரலாறு நம் கவலையைச் சற்றே திருப்பிவைக்கச் சொல்கிறது. தமிழில் கேட்கவும், கேட்டு வியக்கவும், வியந்து வினவவும் அறிந்த பிள்ளைகள் ஒரு வகுப்பில் பத்துப்பேர் இருந்தால், அவர்களுக்குச் சொல்லும் பொருட்டேனும் பதினோராவது பிள்ளை தமிழில் வாய் திறக்கும்.